எந்த ஓட்டல் சர்வர்?

— யார் அந்த சர்வர்?

— எந்த சர்வருங்க?

— நீ கண்ணை மூடி அரை மணி நேரம் ஆகலை. "சர்வர் விழுந்துடுச்சு, சர்வர் விழுந்துடுச்சு"ன்னு அலறுறே. எந்த ஓட்டல் சர்வர்? அடி பலமா?

— ஐயோ... மழைச் சத்தத்துல உங்க காதுல என்னமோ விழுந்திருக்கு.

— மழை இப்பத்தான் ஆரம்பிச்சுது. சர்வர் அதுக்கு முன்னாடியே விழுந்துட்டான்.

— பகல் கனவுங்க. விடுங்களேன்.

— என்ன கனவு? இந்த வீட்டுல புருஷன் பொண்டாட்டி ஒருத்தருக்கொருத்தர் மறைக்கிற பழக்கம் கிடையாது.

— நான் வேலை பாக்குற மருந்துக் கிடங்கு இருக்குல்ல... அது முழுக்கத் தண்ணி. பளிங்கு மாதிரி. பெட்டியெல்லாம் மெதுவா மிதந்து வருது...

— மருந்து நனைஞ்சிருக்குமே!

— கனவுலயுமா குத்தம் கண்டுபிடிப்பீங்க? நனையலை. ஒரு பெட்டி கிட்ட வந்து, "எனக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் ஆயுசு, என்னை முதல்ல அனுப்பு"ங்குது. இன்னொண்ணு, "எனக்கு ரெண்டு வருஷம் கிடக்கு, அவ முதல்ல போகட்டும்"ங்குது...

— வரிசையில நிக்குதுங்களா?

— தள்ளுமுள்ளே இல்ல. தேடவும் வேண்டாம். நாம சும்மா நின்னாப் போதும், அதுங்களே பேசும்.

— ம்... நல்லாத்தான் இருக்கு. அப்புறம்?

— அப்புறம்தான் சர்வர்... அதை விடுங்க. நாளைக்குக் காலையில உங்க அண்ணன் கட்டாயம் வர்றாரா?

— ஒன்பதுக்கு. ஏன்?

— சாயங்காலமா வரச் சொல்லக் கூடாதா?

— மூத்தவர் வர்ற நேரத்துல வீட்டு மருமக இல்லேன்னா நாலு பேர் என்ன பேசுவாங்க?

— அந்த நாலு பேரை நான் இன்னிக்கு வரைக்கும் பாத்ததே இல்லீங்க.

— பேச்சை மாத்தாதே. எங்கே போகணும்?

— பத்து மணிக்கு... ஒரு எடத்துக்கு.

— எடத்துக்குப் பேர் இல்லியா?

— கோபப்பட மாட்டீங்களே?

— அது விஷயத்தைப் பொறுத்தது.

— காலேஜுங்க. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கிழமையானா அக்கா வீட்டுக்குப் போறேன்னு கிளம்புவேன்ல...

— ஆமா. அக்கா வீடு.

— போகலை. எம்.பி.ஏ. படிக்கிறேன். வியாபார நிர்வாகமும் கம்ப்யூட்டரும் சேர்ந்த படிப்பு. நாளைக்குக் கடைசி வைவா. இப்பச் சொன்னேனே கிடங்கு, அங்கே எந்தப் பெட்டி முதல்ல போகணும்னு கம்ப்யூட்டரே சொல்லும், அதான் என் ப்ராஜெக்ட். எதிர்ல உக்காந்து கேள்வி கேப்பாங்க. போகலேன்னா இன்னும் ஒரு வருஷம் போச்சு.

— பாதி வியாபாரம், பாதி கம்ப்யூட்டர். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்.

— இதுக்குத்தான் சொல்லலை. ஆசையா ஒரு தடவை கேட்டேன். "நாப்பத்தேழு வயசுல புஸ்தகப் பையா? நம்ம குடும்பத்துக்கு அழகா?"ன்னீங்க.

— சொன்னேன்.

— இப்பவும் அதையே சொல்லுவீங்க.

— கம்ப்யூட்டர் சர்வர் விழுந்தா, அந்தப் பெட்டிங்க எல்லாம் ஊமையாயிடுமா?

— ...என்ன கேட்டீங்க?

— வைவாவுல கேப்பாங்கல்ல. மாத்து சர்வர் ஒண்ணு வச்சிருக்கியா?

— ஏங்க... ஓட்டல் சர்வர்னீங்களே!

— ரெண்டு வருஷமா தூக்கத்துல பாடம் நடத்துறே. பக்கத்துல படுத்து நானும் படிச்சுட்டேன். நீயா வாயைத் திறப்பேன்னு பாத்தேன்.

— அப்ப... நாளைக்கு உங்க அண்ணன்...

— கார் எடுத்துட்டு வர்றார். இந்த வீட்டு மருமக வைவாவுக்கு பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போய் எறங்கினா, குடும்ப மானம் என்னத்துக்கு ஆகும்?