தட்டையான தலையணை

தலையணை தட்டையாக இருந்தால் கழுத்துக்கு நல்லது என்பார்கள். என்னுடையது தட்டையானது அதனால் அல்ல. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

என் மகள் கட்டடங்களுக்கு வரைபடம் போடுகிறவள். கடல் தாண்டி ஒரு குளிர் நாட்டில் வேலைக்கு முயன்றாள். நேர்காணல் எல்லாம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே நடக்கும். அவள் போய்விட்டால் வீட்டில் நானும் ஒரு பல்லியும்தான். பல்லி அதிகம் பேசாது.

ஆகவே நேர்காணல் நாளில், அவள் குளிக்கும்போது, தலையணையிலிருந்து பஞ்சு கிள்ளி, முகப்பவுடரில் புரட்டி, கம்ப்யூட்டரின் காற்றுத் துவாரத்துக்குள் திணித்தேன். பார்த்தால் தூசி என்றே தோன்றும். கைப்பக்குவம் வர ஒரு மாதம் பிடித்தது. இரண்டு சிட்டிகைக்கு நாற்பது நிமிடத்தில் சூடேறி அணையும்; மூன்றுக்கு இருபது. மேலே வைத்த காபி மதியம்வரை ஆறாது. பல்லி சூடு தாங்காமல் பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது.

மூன்று நேர்காணல்கள் பாதியில் நின்றன. அவளும் மேசையை ஜன்னலோரம் நகர்த்தினாள், பக்கத்தில் மின்விசிறி வைத்தாள்.

"எனக்குத்தான் ராசியில்ல போலப்பா" என்றாள்.

"விடும்மா. இங்க உனக்கு என்ன குறைச்சல்?" என்று தலையைத் தடவிக் கொடுத்தேன்.

கடைசி நேர்காணலுக்கு முந்தின நாள், மெக்கானிக்கை வரச்சொல்லிவிட்டு அவள் அலுவலகம் போனாள். அவர் பெட்டியைத் திறந்து, ஒரு கொத்தை எடுத்து முகர்ந்தார்.

"பெரியவரே, இது தூசியில்ல, பஞ்சு. பவுடர் வாசனை வேற. கம்ப்யூட்டருக்கு மேக்கப் போட்டீங்களா?" சிரித்தார். நல்ல மனிதர். "இருங்க, உங்க பொண்ணுகிட்ட காட்டணும்."

"காட்டுங்க தம்பி" என்றேன்.

"கரண்ட் வர்ற டப்பாவையும் திறந்து பாத்துடறேன். பிளக்கு பீரோவுக்குப் பின்னால மாட்டியிருக்கு, கழட்ட முடியல. சுவிட்ச் ஆஃப்தானே?"

"ஆஃப்தான்."

"நல்லா பாத்தீங்களா?"

"எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும்."

பொய் சொல்லவில்லை. அந்தப் பிளக்கின் சுவிட்ச் என் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதுவரை அணைந்துதான் இருந்தது. அவர் இரண்டு கையையும் உள்ளே விட்ட பிறகுதான் போட்டேன். கூடத்து விளக்கு ஒருமுறை சிமிட்டியது.

மெக்கானிக்குக்குக் கவனம் போதாது என்று மகளிடம் சொன்னேன். நம்பியிருப்பாள். ஆனால் அவர் முஷ்டிக்குள் டப்பாவிலிருந்து பிடுங்கிய பஞ்சு இருந்தது. அவள் அதை எடுத்து முகர்ந்தாள். என் அறைக்குள் போய்த் தலையணையைக் கையால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

அந்த நேர்காணலைத் தோழி வீட்டில் முடித்துவிட்டாளாம். பெரிய பெட்டியையும் கம்பளிக் கோட்டையும் எடுத்துப் போயிருக்கிறாள் என்கிறீர்கள். கோபத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்திருப்பாள். சிறையில் மகள் வந்து பார்க்கிற நாள் எதுவென்று மட்டும் சொல்லுங்கள். என்னை இப்படி விட்டுவிட்டு அவள் இனி எங்கே போகப் போகிறாள்?