போதையும் பரிசும்: டாக்டர் கோமளம் நினைவாக

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் வெங்கடசுப்ரமணியன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டர் கோமளத்தின் கணவர் திரு. சுந்தரராமன் அவர்களே, அவர்களுடைய மகள் ஸ்னேஹா அவர்களே, பெங்களூர் ஆஸ்டின் டவுன் பெரியோர்களே, எந்த நேரமும் எழுந்து போய்விடலாம் என்ற முன்யோசனையோடு கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் சனிக்கிழமை நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இரங்கல் கூட்டத்தில் சிரிக்கலாமா என்று கேட்பீர்கள். டாக்டர் கோமளம் அம்மையாரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொன்னால் சிரிப்பு வந்துவிடும். சிரிப்பு வராமல் சொன்னால் நான் வேறு யாரைப் பற்றியோ பேசுகிறேன் என்று பொருள். ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழுவதற்கும் சிரிப்பதற்கும் நடுவில் நமக்கு இன்று ஒரு வேலையும் இருக்கிறது. இந்த ஹாலில் சனிக்கிழமை மாலைகளில் அம்மையார் ஒரு கூட்டம் நடத்திவந்தார். அடுத்த மாதம் முதல் அந்த நேரத்தை ஜும்பா நடன வகுப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று மன்றம் யோசிக்கிறது. நான் ஜும்பாவுக்கு எதிரி அல்ல. என் முழங்கால்தான் எதிரி. ஆனால் கதவோரம் இருக்கும் இவர்கள் சனிக்கிழமை மாலை எங்கே போவார்கள்? அதை நாம் இன்றே முடிவு செய்ய வேண்டும்.

யார் இந்தக் கோமளம் அம்மையார்? மூளை விஞ்ஞானி. போதைப் பொருள் மூளையை எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்று பணிக்காலம் முழுவதும் எலிகளை வைத்து ஆராய்ந்தவர். உலகம் அவரைப் பேராசிரியர் என்று அழைத்தது. நம் ஆஸ்டின் டவுன் என்ன பட்டம் கொடுத்தது? எலி டாக்டர்! எத்தனை வீடுகளில் அவரைக் கூப்பிட்டு, சமையலறை எலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறோம்! அவர் வீட்டிலேயே ஓர் எலி இருந்தது. அவர் வைத்த பொறியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுந்தரராமன் அவர்கள் கேலி செய்தபோது அம்மையார் சொன்னாராம்: "நான் எலியோட மூளையத்தான் படிச்சிருக்கேன். அதோட புத்தியை இல்லை."

அவர் என்ன கண்டார்? ஓர் உதாரணம் சொல்கிறேன். செல்போனில் மெசேஜ் வந்த சத்தம் கேட்கிறது. உடனே மனம் துள்ளுகிறது. குளித்துக்கொண்டிருந்தாலும் ஈரக் கையோடு ஓடுகிறோம். எடுத்துப் பார்த்தால் கேஸ் ஏஜென்சி. அதில் என்ன சந்தோஷம்? ஒன்றுமில்லை. ஆனால் மறுபடி சத்தம் வந்தால் ஓடாமல் இருக்கிறோமா? மூளையில் டோபமைன் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. அதுதான் நமக்கு இன்பம் தருகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அம்மையார் சொல்வார்: அது இன்பம் தருவதைவிட, 'போ, போய் எடு' என்று விரட்டுவதுதான் அதிகம். பிடிப்பது வேறு, வேண்டியிருப்பது வேறு. போதை வளர வளர, பிடித்தம் குறைந்துகொண்டே போகும். வேண்டும் என்பது மட்டும் பெருத்துக்கொண்டே போகும்.

இதைத் தமிழில் பேசுங்கள் என்று நம் தலைவர்தான் அவரை முதன்முதலில் அழைத்தார். அந்தப் பெருமை அவருக்கே. அம்மையார் தலைப்பை ஆங்கிலத்தில் போனில் சொன்னார். மூளைக்குக் கிடைக்கும் இன்பத்துக்கு விஞ்ஞானிகள் ஆங்கிலத்தில் வைத்திருக்கும் 'ரிவார்ட்' என்ற சொல்லை நேராகத் தமிழாக்கினால் 'பரிசு' என்று வரும். தலைவர் நேராகவே தமிழாக்கினார். நோட்டீஸ் அச்சாகி வந்தது: 'போதையும் பரிசும். அனைவரும் வருக. அனுமதி இலவசம்.' ஒட்டப் போனவருக்கு ஈஜிபுராவில் ஒரே ஒரு சுவர்தான் காலியாகக் கிடைத்தது. அது வைன் ஷாப்பின் சுவர்.

அதற்கு முன்னும் பின்னும் நம் மன்றம் அப்படியொரு கூட்டத்தைக் கண்டதுண்டா? நாற்காலி போதவில்லை! அம்மையார் எலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போகிறார். பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார். பெயர் அசோகன். பெயின்டர். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். "மேடம், எலி கதை சொன்னது போதும். பரிசு எப்போ குடுப்பீங்க? ஈஜிபுராலேர்ந்து வந்திருக்கேன்" என்றார்.

தலைவர் முகம் வெளுத்துவிட்டது. அம்மையார் மட்டும் அசரவில்லை.

"பரிசை உனக்கு ஏற்கெனவே குடுத்துட்டாங்கப்பா. உன் தலைக்குள்ளயே இருக்கு. அதை எப்படித் திருப்பிக் குடுக்கறதுன்னு பேசத்தான் வந்திருக்கேன். சரி, நீ சொல்லு. குடிக்கறது உனக்குப் பிடிக்குமா?"

"எங்க மேடம் பிடிக்குது? வாய் கசக்குது, வயிறு எரியுது, வீட்ல மூஞ்சி குடுத்துப் பேசமாட்டேங்கறாங்க."

"அப்புறம் ஏன் குடிக்கறே?"

"வேணுமே மேடம்."

அம்மையார் என் பக்கம் திரும்பினார். "சார், இதை என் எலிங்க வாயைத் திறந்து சொல்லியிருந்தா நான் எப்பவோ ரிடையர் ஆகியிருப்பேன்" என்றார்.

சனிக்கிழமைக் கூட்டம் அப்படித்தான் பிறந்தது. அதில் அறிவுரை உண்டா? இல்லை. சத்தியம் வாங்குவது உண்டா? இல்லை. நான் மருந்து எழுதும் டாக்டர் அல்ல என்று சொல்லி, முதலில் எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார். பிறகு இங்கே ஒரே கேள்விதான்: "இந்த வாரம் எங்கே நிக்கும்போது வேணும்னு தோணிச்சு?" ஒருவர், கடை போர்டில் லைட் எரியும்போது என்பார். ஒருவர், சம்பள நாள் என்பார். அசோகன், தன் மச்சான் முகத்தைப் பார்க்கும்போது என்றார். எல்லோரும் சிரித்தோம். அம்மையார் சிரிக்கவில்லை. விளக்கு எரிந்தால் போதை மருந்து வரும் என்று பழகிய எலிக்கு விளக்கு எப்படியோ, இவருக்கு மச்சான் அப்படி என்று விளக்கி, இனிமேல் மச்சானைக் காலை நேரத்தில் மட்டும் பார்க்கும்படி சொன்னார். அது பலித்தது! மச்சானுக்குத்தான் இன்றுவரை காரணம் தெரியாது.

தவறி மறுபடி குடித்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களை அவர் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. போதை மருந்துக்காக எலி மறுபடி கூண்டில் இருக்கும் லீவரை அழுத்தினால் எலியையா திட்டுவேன் என்பார். கடை வாசலில் கால் நின்றுவிட்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள், காரணம்கூடச் சொல்ல வேண்டாம் என்பார்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். இப்போது, ஆஸ்டின் டவுனில் உலவும் ஒரு வதந்தியை இந்த மேடையிலிருந்து நான் மறுத்தாக வேண்டும். சுந்தரராமன் அவர்கள் மன்னிக்க வேண்டும்.

காரியங்கள் முடிந்த அடுத்த வாரம், பிரஷ் வாங்க சிவாஜிநகர் போயிருக்கிறார் அசோகன். பொழுது சாய்ந்து வைன் ஷாப் போர்டில் லைட் எரிந்திருக்கிறது. கால் நின்றுவிட்டது. போனை எடுத்து அம்மையாரின் எண்ணை அழுத்தினார். அவர் இல்லை என்பது தெரியும். மணி அடிக்கும் சத்தமாவது காதில் விழட்டும் என்று நினைத்தாராம். ஆனால் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். மனைவியின் போனை அணைக்க மனம் வராமல் சார்ஜ் போட்டு வைத்துக்கொண்டிருந்த சுந்தரராமன் அவர்கள். ஒரு சனிக்கிழமைகூட இங்கே எட்டிப் பார்க்காதவர். "அங்கேயே நில்லுங்கோ. உள்ளே போகாதீங்கோ. நான் வரேன்" என்று சொல்லி, இடத்தைக் கேட்டுக்கொண்டு, கட்டிய வேட்டியோடு ஆட்டோ ஏறினார்.

அந்த நேரம் பார்த்து நம் பேட்டை ஜெயலட்சுமி அம்மாள் அங்கே பஸ்ஸிலிருந்து இறங்க வேண்டுமா? சுந்தரராமன் அவர்கள் வீடு போய்ச் சேரும் முன்பே செய்தி நம் பேட்டை முழுக்கச் சேர்ந்துவிட்டது. பாவம், மனைவி போன துக்கத்தில் மனிதர் குடிக்க ஆரம்பித்துவிட்டாராம்!

நண்பர்களே, சுந்தரராமன் அவர்கள் வைன் ஷாப் வாசலில் நின்றது உண்மை. ஒருவர் தோளைப் பிடித்துக்கொண்டு அழுததும் உண்மை. குடித்ததும் உண்மை. குடித்தது பக்கத்துக் கடைப் பாதாம் பால்! அதுவும் சர்க்கரை கம்மியாக.

வாசலில் நின்று, என்ன பேசுவது என்று தெரியாமல், கோமளம் இருந்தால் என்ன சொல்லுவாள் என்று அசோகனிடமே கேட்டிருக்கிறார். அசோகன் அந்தச் சனிக்கிழமைக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்தார். இவர் கேட்டார், அவர் பதில் சொன்னார். சொல்லி முடித்ததும், மரியாதைக்குத் திருப்பிக் கேட்டார்: "உங்களுக்கு என்ன வேணும்னு தோணுது சார்?"

"அவதான் வேணும்பா. வேற என்ன?"

இதற்கு எந்த ஆய்வகத்தில் மருந்து இருக்கிறது? இருவரும் அங்கேயே நின்றார்கள். கடை இருந்த இடத்தில் இருந்தது. பிறகு ஈஜிபுரா பஸ் வந்ததும் சுந்தரராமன் அவரை ஏற்றிவிட்டார். அசோகன் குடிக்காமல் வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலையில் என்னிடம் வந்து, "சனிக்கிழமையும் இல்லேன்னா எனக்குப் பயமா இருக்கு சார்" என்றார்.

அம்மையாரின் ஆராய்ச்சியை அவருடைய மாணவர்கள் தொடர்வார்கள். அது நம்மால் ஆகாது. நம்மால் ஆவது ஒன்று உண்டு. அந்தப் போன் எண் அப்படியே இருக்கும், சுந்தரராமன் அவர்கள் எடுப்பார். அவர் ஊரில் இல்லாதபோது நான் எடுப்பேன். சனிக்கிழமை மாலை அவர் இங்கே வந்து உட்காருவதாகவும் சொல்லியிருக்கிறார். மூளையைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, கூட இருக்க மட்டும் தெரியும் என்கிறார். அது போதாதா? ஜும்பா ஞாயிற்றுக்கிழமை ஆடட்டுமே! சனிக்கிழமைக் கூட்டம் தொடர வேண்டும் என்பவர்கள் கை தூக்குங்கள்.

அசோகன், நல்லது. ஸ்னேஹா, நன்றி. ஜெயலட்சுமி அம்மாள் இரண்டு கையையும் தூக்குகிறார்கள், மகிழ்ச்சி. இதோ, நம் தலைவர் அவர்களும் கை தூக்கிவிட்டார்! நேரமாகிவிட்டது, பேச்சை முடி என்று எனக்குச் சைகை காட்டவே தூக்கினார் என்று சிலர் சொல்லலாம். வகுப்பறையில் ஆயுளைக் கழித்தவன் நான். தூக்கிய கையை எண்ணாமல் விட்டதில்லை.