அறுக்காமல் காத்த ஒன்பது நாட்கள்

நம் ஆஸ்பத்திரிப் பணியிலிருந்து ஓய்வுபெறும் பெருமதிப்பிற்குரிய டாக்டர் வெங்கடாசலம் அவர்களுக்கு, பதினேழு ஆண்டுகள் தங்களுடன் உழைத்துத் தங்களுடனேயே களைத்த ஊழியர்கள் கூடி அளிக்கும் மடல்.

கருணைக் கடலே, கைராசிக் கோமானே என்றழைத்தால் தாங்கள் முகம் சுளிப்பீர்கள். ஆகையால் நடந்த ஒன்றையே சொல்கிறோம், ஐயா!

1938இல் நம் ஆபீஸ் குமாஸ்தா ராஜப்பனின் மனைவி நஞ்சம்மாளுக்கு மேல்வயிற்றில் எழுந்த வலி முதுகைத் துளைத்தது. கடுமையான கணைய அழற்சி. உடனே வயிற்றைத் திறப்பதே அன்றைய புத்தகங்கள் சொன்ன வழி. பி.ஏ. படித்த ராஜப்பனும், "இன்னைக்கே ஆபரேஷன் பண்ணிடுங்க சார்" என்று கெஞ்சிக் கையெழுத்திட்டார். திறந்தீர்கள். மூன்றாம் நாள் அந்த அம்மாள் மறைந்தார்.

அதன்பின் மொரப்பூர் ரயிலில் வந்த மருத்துவச் சஞ்சிகைகளைச் சாப்பாட்டு வேளையிலும் படித்தீர்கள். உடனே அறுக்கப்பட்டவர்களைவிட, அறுக்காமல் காக்கப்பட்டவர்களே அதிகம் பிழைத்ததாக அவை கூறின.

1943இல் வத்தல்மலையிலிருந்து டோலியில் வந்த முனியாயிக்கும் அதே வலி. தாங்கள் கத்தியைத் தொடவில்லை. மூக்குவழி குழாய்விட்டு இரைப்பையில் தேங்கியதை வடித்தீர்கள்; ரத்தநாளத்தில் சலைன் ஏற்றினீர்கள்; வலிக்கு ஊசி போட்டீர்கள்; வாய்வழி ஒரு துளியும் ஆகாது என்றீர்கள். யாரும் ஆகாரம் கொண்டுபோகாதபடி வாசலில் ராஜப்பனை நிறுத்தினீர்கள்.

மூன்றாம் நாள், முனியாயியின் கணவர் தீர்த்தன் கேழ்வரகுக் கூழ்ச் சட்டியுடன் வந்தார்.

"அறுக்கவும் மாட்டேங்கறீங்க, ஆகாரமும் குடுக்க மாட்டேங்கறீங்க! இதுக்கு எங்க மாட்டுக்கொட்டாயே போதுமே. ஒம் பொண்டாட்டியா இருந்தா இப்புடி மரமாட்டம் நிப்பியா?"

ராஜப்பன் வழிவிடவில்லை. "அன்னைக்கு நிக்கலீங்க. அறுங்கன்னு நான்தான் அவசரப்படுத்துனேன். அவ போயிட்டா."

தீர்த்தன் சட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

உள்ளிருந்து கேட்ட தாங்கள் வெளியே வந்து, எல்லோர் முன்னிலையிலும், "நீ சொல்லலைன்னாலும் நான் அறுத்திருப்பேன், ராஜப்பா. தப்பு என்னுது" என்றீர்கள்.

ராஜப்பனுக்கு அழுகை வரவில்லை. "சலைன் தீரப்போவுதுங்க" என்று மட்டும் சொல்லி, அடுத்த பாட்டிலை எடுக்கப் போனார். அன்று வீட்டில், ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாக, மறுசோறு போட்டுக்கொண்டார்.

ஒன்பதாம் நாள், வலி தணிந்த முனியாயி தங்கள் அனுமதியோடு கஞ்சித் தண்ணீர் குடித்தார். அதை வாங்கி ஆற்றிக் கொடுத்தவர் தீர்த்தன்தான்.

தாங்கள் காத்த உயிர்கள் பல. ஆயினும் எல்லோர் எதிரிலும் தாங்கள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே இம்மடல். இனியேனும் வேளைக்கு உண்டு, அயர்ந்து உறங்கி, நோயற்று நெடுங்காலம் இருங்கள், ஐயா!

ராஜப்பன் கைப்பட எழுத, ஊழியர் அனைவரும் ஒப்பமிட்டது.
தர்மபுரி, 1946.