முட்டிக்கு ஒரு மாத்திர, ரத்தத்துக்கு ஒரு மாத்திர

மூக்குல ரத்தம் ஊத்திச்சி. நிக்கல. அவ்ளோதான் சேதி.

உக்காருப்பா. கையில புத்தூர் கட்டா? அப்ப உனக்குதான் சொல்லணும்.

திருப்பதி பஸ்ஸுன்னா மொட்டைக்கான்னு கேக்காத. நெஞ்சில இரும்பு வால்வு எனக்கு. ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர துன்றேன். என் தலையில கத்தி வச்சா முடியோட நானும் சாமிகிட்ட போயிடுவேன். டாக்டரம்மாவப் பாக்கப் போறேன். மோகனப்ரியான்னு பேரு.

அந்தம்மாதான் போன்ல ஒரு ஆப் போட்டுக் குட்த்துச்சி. ரத்த டெஸ்ட் நம்பர போட்டா, மாத்திர எவ்ளோன்னு கணக்கு போடும். அந்தம்மா பாத்து சரின்னா துன்னணும். ஆனா அதுக்கு மின்ன கேள்வி கேக்கும் பாரு... கீர துன்னியா, கீழ விழுந்தியா, புதுசா எதனா மாத்திர போட்டியா... பொண்ணு பாக்க வந்தவன் கூட இவ்ளோ கேக்கமாட்டான்!

விழுந்தேன்பா. பங்காருபாளையம் மாங்கா மண்டியில, அழுகின பழத்து மேல கால வச்சிட்டேன். முட்டி வீங்கிச்சி. புத்தூர் போயி கட்டிக்கினேன். கட்டினப்புறம் விழுந்தது முடிஞ்சிபோன கத. "இல்ல"ன்னு அமுக்கினேன். வலிக்கு மெடிக்கல்ல மாத்திர வாங்கிப் போட்டுக்கினு இருந்தேன். அது முட்டிக்கு. ஆப் பாக்கறது ரத்தத்த. ரெண்டுக்கும் என்னா சம்பந்தம்? அதுக்கும் "இல்ல". தப்பா?

பழைய அளவே துன்னுன்னுச்சி. அந்தம்மாவும் அத பாத்து சரின்னுச்சி. துன்னேன். அப்புறந்தான் மூக்கு. துண்டு நனைஞ்சி, சட்ட நனைஞ்சி... கணக்கு தெரியாத கழுத ஆப்புன்னு நான் கத்திக்கினே இருக்கேன், எம் பொண்டாட்டி என் சட்டப்பையில கைய வுட்டா. வலி மாத்திர அட்டைய எட்த்தா. போன புடுங்கி "ஆமா"ன்னு அமுக்கினா. ஸ்க்ரீன் செவந்துபோச்சி. அளவு ஒண்ணும் சொல்லல. மாத்திர போடாத, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போன்னுச்சி. ஆட்டோவுல தள்ளிக்கினு போனா. இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா தலைக்குள்ளயே கசிஞ்சிருக்கும்னாங்க.

அப்பவும் ஆப்பு மேலதான் தப்பு. அட்டைய அதுவே மோப்பம் புடிச்சிருக்க வேணாமா? என்னா சிரிக்கிற?

எங்க எழுந்துட்ட? புத்தூர் கட்டோட நின்னுக்கினே வருவியா? சரி, போ. மின்னாடி சீட்ல ஒருத்தி என் போன மடியில வச்சிக்கினு குந்திக்கினு இருப்பா. எடம் குடுப்பா. கேள்வியும் கேப்பா, பொய் சொல்லாத. இனிமே எனக்கு எல்லாத்தையும் அவதான் அமுக்குவாளாம்.

பேரா? சுலோச்சனா.