இரண்டு மூலக்கூறு தண்ணீர்

ஆக்ஸாலிக் அமிலத்தைப் பார்த்தால் அதற்குள் தண்ணீர் இருப்பதாகவே தெரியாது. கல்கண்டுத் தூள் மாதிரி உலர்ந்து கிடக்கும். ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு தண்ணீரைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறது. தராசில் வைத்தால் அதுவும் சேர்ந்தே எடை காட்டும். அதனால் கணக்கில் மூலக்கூறு எடை 126 என்று போட வேண்டும். தண்ணீரைத் தள்ளி 90 என்று போட்டால் அமிலம் குறைந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும் என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன்.

ஆபித் பாஷா என் வகுப்பு, என் தோஸ்த். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி லேபில் ஒரே ஒரு இடம் இருந்தது. இன்டர்வியூவில் அவன் முதல், நான் இரண்டாவது. கடைசி செமஸ்டரில் எல்லாம் பாஸானால் வேலை அவனுக்கு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. யாரும் கேட்காமலேயே பல பேரிடம் இதைச் சொல்லியிருக்கிறேன்.

பிராக்டிகலுக்கு முந்தைய நாள் வாணியம்பாடி டீக்கடையில் என்னிடம் ஆக்ஸாலிக் அமிலக் கணக்கைக் கேட்டான்.

"பாட்டில்ல ரெண்டு தண்ணின்னு போட்டுக்குதே மச்சான், அத இன்னா பண்றது?"

அவன் அப்பா ஈரத்தோல் வியாபாரி. குரோம் உப்பில் பதப்படுத்திய தோலைப் பிழிந்து, சொட்டு நின்ற பிறகுதான் தராசில் ஏற்ற விடுவார்.

"உங்கப்பா தண்ணியும் சேர்த்தா எடை போடுவாரு?"

"போட்டா செருப்பு பிஞ்சிடும்."

"அப்பறம் இன்னா?"

அவ்வளவுதான் நான் பேசியது. அதில் பொய் ஏதாவது இருக்கிறதா, நீங்களே பாருங்கள். 90 என்று எழுதியது அவன். பேனா மட்டும் என்னுடையது.

தேர்வில் பக்கத்து மேஜையில் நான் 126 போட்டு அமிலத்தை எடை போட்டேன். ஆபித் ஒருமுறை எட்டிப் பார்த்தான். தோளால் மறைத்துக்கொண்டேன். காப்பியடிக்க விடுவது ஒழுங்கீனம். குடுவையில் சொட்டு போதும் என்று காட்டும் இளஞ்சிவப்பு என்னுடையதைவிட அவனுக்குத்தான் அழகாக வந்தது. விடைதான் பத்து வர வேண்டிய இடத்தில் பதினாலாகிவிட்டது. தண்ணீர் எங்கே போனது என்று தேர்வு நடத்திய பில்கிஸ் மேடம் கேட்டாராம். மறந்துவிட்டேன் என்றானாம். என் பெயரைச் சொல்லவில்லை. நல்ல பையன்.

அவனுக்கு அரியர் விழுந்தது. இடத்தைக் காலியாக வைக்க முடியாதே என்று கம்பெனியில் வருத்தப்பட்டார்கள். அவர்கள் வருத்தம் தீரட்டும் என்றுதான் சேர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபித் என் வீட்டுக்கு வந்தான். அரியருக்கு எங்கேயாவது டியூஷன் போகலாமா என்று கேட்டான். வேண்டாம், நானே சொல்லித் தருகிறேன் என்று உட்கார வைத்தேன். வெளியில் அனுப்பினால் பையனுக்குத் தப்பும் தவறுமாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.