இன்னாசிக்காக வெளியே அடிச்ச பந்து

சரி... பைபிளைக் கொஞ்சம் மூடி வைங்க. பின்னாடி தூங்குறவங்களைப் பக்கத்துல இருக்கறவங்க தட்டி எழுப்புங்க. ஒரு குட்டிக் கதை சொல்லிட்டு மறுபடி வசனத்துக்கு வர்றேன்.

நம்ம கடற்கரைப் பக்கம் ஒரு காலேஜ். பேரு வேண்டாம், சொன்னா இங்கேயே நாலு பேரு எந்திரிச்சு நிப்பீங்க! அந்தக் காலேஜ் புட்பால் டீமுக்கு அந்த வருஷம் தொட்டதெல்லாம் கோல். போன மேட்ச் எல்லாம் ஜெயம். பிரின்சிபால் அறையில கப் வைக்க இடம்கூட ஒதுக்கியாச்சு. செமி பைனல் வந்துச்சு. எதிர்ல யாரு? கோவில்பட்டிப் பக்கத்துக் காலேஜ். கரிசக்காட்டுப் பசங்க. ஆளுக்கு ஒரு கோல் போட்டு, ஆட்டம் முடியப் போற நேரம்.

அப்போ நம்ம டீம் பையன் இன்னாசி, எதிராளி கோலுக்கு முன்னாடி எகிறிக் குதிச்சான். இறங்கும்போது கால் மடங்கிருச்சு. 'அம்மா'ன்னு அலறிட்டுக் கிடக்கான். பந்து யாரு கையில தெரியுமா? அவங்க கோல்கீப்பர் சுடலைமணி கையில. நம்ம பக்கம் ஒரு ஆள் குறைவு. அவன் நினைச்சிருந்தா பந்தைத் தூக்கி முன்னாடி அடிச்சு அப்பவே கோல் போட வச்சிருக்கலாம். செஞ்சானா? செய்யல. பந்தைக் கோட்டுக்கு வெளிய அடிச்சிட்டு ஓடி வந்து, இன்னாசி காலைத் தன் மடியில வச்சு, பூட்ஸைக் கழட்டி விட்டான். பி.டி. மாஸ்டர் இன்னாசியை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாரு.

இப்ப ஒண்ணு கவனிங்க. அடிபட்டவனுக்காக எதிராளி பந்தை வெளிய அடிச்சா, பந்தை உள்ள எறியுற த்ரோ நமக்குத்தான். ஆனா அந்தப் பந்தை அவங்களுக்கே திருப்பிக் குடுத்துடணும். இது ரூல் புத்தகத்துல இல்ல. யாரும் சொல்லித் தர்றதும் இல்ல. ஆடுறவனுக்குத் தெரியும்... அவ்வளவுதான்.

த்ரோ போட்டாங்க. பந்து நம்ம டெரன்ஸ் காலுக்கு வந்துச்சு. டெரன்ஸ் யாரு? இன்னாசியோட உயிர்த் தோழன். சுடலைமணி கோலை விட்டு முன்னாடி வந்து, குனிஞ்சு, ரெண்டு கையையும் நீட்டிக்கிட்டு நிக்கான். எதுக்கு? பந்தை வாங்குறதுக்கு!

டெரன்ஸ் குடுத்தானா?

சுடலைமணி தலைக்கு மேல தூக்கி அடிச்சான்... கோல்.

ரெஃப்ரி என்ன பண்ணுவாரு? 'ரூல்படி கோல்தான்'னு விசில் ஊதிட்டாரு. ரூல்படி! அன்பானவங்களே, நாம அடிக்கடி சொல்ற வார்த்தையாச்சே இது!

பசங்க வேன்ல ஏறி, கொட்டடிச்சு, ஊரெல்லாம் சுத்தி, புரோட்டா தின்னுட்டு ஆஸ்பத்திரிக்குப் போறாங்க. வார்டுக்குள்ள நுழைஞ்சா... இன்னாசி கட்டிலுக்குப் பக்கத்துல ஸ்டூல் போட்டு சுடலைமணி உக்காந்திருக்கான். அதே மண்ணு பனியனோட. மைதானத்துல கிடந்த இன்னாசியோட பூட்ஸைக் குடுக்க, ஒத்தையா வந்திருக்கான்.

இன்னாசிக்குச் சந்தோஷம் தாங்கல. "ஏலே டெரன்ஸ், வாலே! நீதான் கோலாம்லா! அருமையான கோலுன்னு இவன் சொல்லுதான். எப்படிலே போட்ட? சொல்லு மக்கா!"

டெரன்ஸ் சுடலைமணியைப் பாக்கான். அவன் இவனைப் பாக்கல. எந்திரிச்சு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு. காலைப் பாத்துக்கோ இன்னாசி"ன்னு சொல்லிட்டு நடந்துட்டான்.

"சொல்லுலே. எப்படிப் போட்ட?"

கொட்டடிச்ச பையன் மேளத்தைக் கீழ வச்சுட்டான். ஜெயிச்சவங்கதானே? அதைச் சொல்ல ஏன் வாய் வரல?

கடைசியில டெரன்ஸ் சொன்னான். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, ஒண்ணு விடாம சொன்னான்.

இன்னாசி அடிக்கலைங்க, திட்டலைங்க. கட்டில் ஓரத்துல இருந்த பூட்ஸையே பாத்துக்கிட்டு இருந்தான். அப்புறம் கேட்டான்... "எனக்காகத்தானலே அவன் பந்தை வெளிய அடிச்சான்? எனக்கு வருத்தமா இருக்கும்னுதானலே இப்ப பொய்யும் சொல்லிட்டுப் போறான்? இனி நான் அவன் மூஞ்சில எப்படிலே முழிப்பேன்?"

பஸ் ஸ்டாண்ட் ஆஸ்பத்திரிக்கு எதிர்லதான். டெரன்ஸ் ஓடியிருந்தா பிடிச்சிருக்கலாம். கையைப் பிடிச்சு 'தப்பு என்னோடது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓடலைங்க. வெக்கம். ஜன்னல் வழியா பஸ் போறதைப் பாத்துக்கிட்டே நின்னான்.

பைனல் என்னாச்சுன்னு கேக்குறீங்க, தெரியும். ஜெயிச்சாங்க. கப்போட போட்டோ எடுத்தாங்க. இன்னாசி அந்தப் போட்டோவுக்கு வரல.

அன்பானவங்களே... நீங்க ஏன் தலையைக் குனியிறீங்க? நான் புட்பால் கதைதானே சொன்னேன்!

உங்க வீட்டுல சாவு விழுந்தப்ப, சண்டையை ஒதுக்கி வச்சுட்டுப் பாடையைத் தோள்ல சுமந்தானே பங்காளி... பதினாறு முடியறதுக்குள்ள அவன் நிலத்துக்குள்ள வேலியைத் தள்ளிப் போட்டது யாரு? நீங்க ஆஸ்பத்திரியில கிடந்தப்ப உங்க பிள்ளைங்களுக்குச் சோறு போட்டாளே ஓரகத்தி... வீட்டுக்கு வந்ததும் அவ அடுப்படியில பாத்த குறையை ஊரெல்லாம் சொன்னது யாரு? கேட்டா என்ன சொல்வோம்? 'சர்வேபடி சரிதான். நான் உள்ளதைத்தானே சொன்னேன்.' ரூல்படி கோல்!

சண்டையில ஜெயிக்கிறது வேற. நமக்கு இரக்கப்பட்டு ஒருத்தன் குனிஞ்சு நிக்கும்போது அவன் தலைக்கு மேல அடிக்கிறது வேற. அதைக் கர்த்தர் பாக்காம இருக்க மாட்டாரு.

இப்ப உங்க மனசுல ஒரு முகம் வந்திருக்கும். வந்திருச்சா? எனக்கு ஒண்ணும் சொல்ல வேண்டாம். பிரசங்கம் இன்னும் அரை மணி நேரம் இருக்கு... அதுக்காக உக்காந்திருக்க வேண்டாம். எந்திரிச்சு அவங்க வீட்டுக்குப் போங்க. நான் தப்பா நினைக்க மாட்டேன்.