மேட்டுக்கு அந்தப் பக்கம் ஐம்பது தப்படி

நான் கனரக லாரி ஓட்டுநர். வயது நாற்பத்தாறு. உரிமம் பெற்று இருபத்தொரு வருடம் ஆகிறது. லாரிகள் நிறுத்தும் திடலுக்குப் பின்தெருவில், தையல்கடை மாடியில் மனைவியுடனும் மகளுடனும் குடியிருக்கிறேன். விபத்தில் காயம்பட்டவர் என் மனைவியின் தம்பி. நான்கு வருடமாக மாற்று ஓட்டுநராக என்னுடன் வருகிறார். காரை ஓட்டி வந்த பெண்மணி மருந்துக்கடை நடத்துகிறவர் என்று பிறகுதான் தெரியும்.

கடந்த செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றரை மணிக்குத் தரை ஓடு ஏற்றிய லாரியோடு மேடு ஏறி இறங்கும்போது பின்சக்கரம் ஒன்று வெடித்தது. ஓரம் குறுகல் என்பதால் வண்டியில் பாதி சாலையிலேயே நின்றது. அதன்பிறகு நான் ஜாக்கியோடு வண்டிக்கடியில் போனேன், மைத்துனர் எச்சரிக்கை முக்கோணங்களை எடுத்தார். வண்டிக்கு முன்னால் ஒன்று, பின்னால் பத்துத் தப்படியில் ஒன்று, நூறு தப்படியில் ஒன்று என்பது விதி. முதல் இரண்டையும் வைத்துவிட்டு மூன்றாவதோடு அவர் நடந்து போவதைச் சக்கரங்களுக்கு நடுவே பார்த்தேன். கிட்டத்தில் கால்கள் மட்டும் தெரிந்தன, தள்ளிப் போகப் போக முழு ஆளும் தெரிந்தார். நூறு தப்படி போனதும் நின்றார், ஆனால் குனியவில்லை. திரும்பி லாரியைப் பார்த்தார். அதன்பிறகு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கிவிட்டார். இவன் எங்கே போகிறான் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை.

சற்று நேரத்தில் டயர் தேயும் சத்தம் கேட்டது, பிறகு இன்னொரு டயர் சத்தம், அதன்பிறகு ஒன்றுமில்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் சாலையோரம் உட்கார்ந்திருந்தார். வலது கால் மடங்கக்கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. முக்கோணத்தை நெஞ்சோடு பிடித்திருந்தார். அவரை இடித்த கார் சாய்வாக நின்றது. அதற்குப் பின்னால் ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரி ஒரு கை தூரத்தில் நின்றது. "மாமா, நீங்க ஏன் வண்டிய விட்டுட்டு வந்தீங்க?" என்று என்னைத்தான் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருப்பதாகச் சொன்னார்கள். நூறில் வைக்காமல் ஏன் போனாய் என்று கேட்டேன். "அங்க வச்சா ஏறி வர்றவனுக்கு எப்படித் தெரியும் மாமா? பார்த்துட்டு வைக்கலாம்னு போனேன்" என்றார். காரை ஓட்டி வந்த பெண்மணி வராந்தாவில் நின்றிருந்தார். "ஒரு சிவப்பு முக்கோணம் நடந்து வர்ற மாதிரி இருந்துச்சுங்க. என்னடா இதுன்னுதான் பிரேக்ல கால வச்சேன். நின்னுடும்னு நெனச்சேன், நிக்கல" என்றார்.

அன்று இரவு முழுவதும் எனக்கு மைத்துனர் சொன்னதே நினைப்பு. புதன்கிழமை காலை லாரியை எடுக்க அனுமதி வராததால் அது அங்கேயே நின்றது. தெரிந்த மெக்கானிக்கின் காரில் போய், மூன்றாவது முக்கோணத்தை விதிப்படி நூறாவது தப்படியில் வைத்துவிட்டு, மறுபக்கத்திலிருந்து மேடேறி வந்து பார்த்தோம். உச்சிக்கு வரும்வரை எதுவும் தெரியவில்லை. உச்சியில் முக்கோணமும் லாரியும் ஒரே நேரத்தில் தெரிந்தன. லாரியே தெரிந்த பிறகு முக்கோணம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மேட்டுக்கு அந்தப் பக்கம் ஐம்பது தப்படியில், அவர் நின்ற இடத்தில் வைத்தால் அடிவாரத்திலிருந்தே தெரிந்தது. அதன்பிறகு மெக்கானிக் தன் மீட்பு வண்டியிலிருந்து கழற்றி எடுத்து வந்திருந்த சுழல்விளக்கைக் கம்பத்தில் கட்டி லாரியின் கூரைமேல் நிறுத்தினோம். உச்சிக்கு நாற்பது தப்படி முன்பே விளக்கு தெரிந்தது, ஆனால் வெயிலில் மங்கலாக. எட்டு முறை ஓட்டினோம். "உங்களுக்கு வேற பொழப்பே இல்லையாண்ணே" என்று கேட்டுக்கொண்டே மெக்கானிக் ஒன்பதாவது முறைக்கு வண்டியைத் திருப்பினார்.

இதற்கிடையில் என் மனைவி அங்கே வந்தார். "என் தம்பி கால உடைச்சவங்களுக்கு நீங்களே சாட்சி தேடுறீங்களா?" என்றார். முன்சீட்டில் உட்காரச் சொன்னேன். உச்சியைத் தாண்டியதும் எதிரே லாரியைக் கண்டு அவர் கை தானாக முன்பலகையைப் பிடித்தது. அதன்பிறகு, "இன்னொரு தடவ போங்க" என்றார்.

நூறு தப்படியில் வைக்காதது விதிமீறல் இல்லையா என்று விசாரணை அதிகாரியால் கேட்கப்பட்டதற்கு: விதிமீறல்தான், வண்டியின் பொறுப்பாளர் நான், என் உரிமத்தின்மேல் நடவடிக்கை வரலாம் என்று தெரிந்தே சொல்கிறேன். விதிப்படி வைத்திருந்தால் வழக்கு எங்கள் பக்கம் இருந்திருக்கும், நான் அந்த டிப்பருக்கு அடியில் இருந்திருப்பேன்.

கார் ஓட்டியவர்மேல் புகார் உண்டா என்று கேட்கப்பட்டதற்கு: எனக்கும் காயம்பட்டவருக்கும் இல்லை. என் மனைவி இன்னும் யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

எச்சரிக்கைச் சாதன விதியைத் திருத்தும் குழுவுக்கு இதன் நகல் போகும் என்று அதிகாரி சொன்னதால் இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன்: தூரத்தை லாரியிலிருந்து எண்ணாமல், வருகிறவர் கண்ணிலிருந்து எண்ண வேண்டும். விளக்கைக் கூரையில் வைத்தால் போதுமா என்று எனக்குத் தெரியாது. போதுமென்றால் யாரும் சாலையில் நடக்க வேண்டியதில்லை. குழுவினர் வந்தால் மேட்டைக் காட்டத் தயாராக இருக்கிறேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். இரண்டு இடங்களில் நூறு அடி என்றிருந்ததை நூறு தப்படி என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார்கள். மற்றதெல்லாம் நான் கண்டதும் சொன்னதுமே. யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
லாரி ஓட்டுநர்